ஊரில் இல்லாதவன் வீட்டு வாசலில் கூட்ஸ் வண்டி

அன்புத் தங்கச்சி சைமிக்கு, பாலத்தடி வீட்டிலிருந்து அண்ணன் தாவெத்தி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான் சுகம், ரயில்தான் சுகமில்லை. உன் முழங்கால் வலியும் உன் வீட்டுக்காரர் வாயும் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கார்டு கிடைத்தது. "பொய்யா, இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். கோபம் நியாயம்தான். ஆனால் குற்றம் என்னுடையது இல்லை, கூட்ஸ் வண்டியுடையது.

‘எண்பதாவது பிறந்தநாளில் பயணத்தில் இருப்பேன்’ என்று பேப்பரில் போட்டேன், உண்மை. பின்லாந்தில் யார்தான் போடவில்லை? ‘வீட்டில் இருப்பேன்’ என்று போட்டால் ஊரே காபிக்கு வந்து நிற்கும், ஏழு வகைப் பலகாரம் சுடணும். எனக்கு ஏது அந்தத் தெம்பு? அதனால் உன்னிடமும் கப்பலேறிக் கடலுக்கு அந்தப் பக்கம் தாலினுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, காரைக் கொட்டகையில் ஒளித்து, திரையெல்லாம் இழுத்துவிட்டு, மத்தியானம் ஆவிக்குளியலுக்குச் சவுனா அறையைச் சூடேற்றி, பிர்ச் இலைக் கொத்தால் முதுகில் நாலு போடு போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ‘டமார்!’ அறுபது வருஷமாக அந்தப் பாலத்தில் ஒழுங்காகப் போன வண்டி, என் பிறந்தநாள் பார்த்துத் தடம் புரண்டது. மூன்று பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கி, ஒன்று பாலத்து ஓரத்தில் தலைகீழாகத் தொங்க, காகித ஆலைக்குப் போன கட்டையெல்லாம் ரோட்டில் உருண்டு, பாதி என் உருளைக்கிழங்குப் பாத்தியில் வந்து படுத்துக்கொண்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ரோட்டில் வந்தது ஒரு ரொட்டி வண்டிதான், அதுவும் பத்தடி தள்ளிப் பிரேக் போட்டுவிட்டது.

நான் மூச்சுக் காட்டவில்லை. ஆனால் சவுனாப் புகை காட்டிக்கொடுத்துவிட்டது. தீயணைப்புக்காரன் ஓன்னி கதவை இடித்தான்.

"யாருப்பா உள்ள? பெட்டி தொங்குது, வெளிய வாங்க!"

துண்டோடு வந்தேன்.

"பெரியவரே! நீங்க ஊர்ல இல்லைன்னு பேப்பர்ல போட்டிருந்துதே?"

"இல்லதான். இப்பதான் வந்து இறங்கினேன்."

"துண்டோடயா?"

"அங்க வெயில் ஜாஸ்தி."

அதற்குள் என் விளம்பரத்தை வாங்கிப் போட்ட அதே பேப்பர்க்காரி, கேமராவோடு நிற்கிறாள். மறுநாள் முதல் பக்கத்தில் தொங்குகிற பெட்டி, அதன் கீழே நான், என் கீழே துண்டு. உன் கண்ணில் பட்டது அதுதான். உன் கண்ணில் மட்டுமா பட்டது? பக்கத்துவீட்டு கெர்த்து, வேலித் தகராறில் எட்டு வருஷம் என்னோடு பேசாதவள், கேக்கோடு வந்து, "என்ன தாவெத்தி, தாலின்ல மழையா?" என்கிறாள். பின்னாலேயே சர்ச் பாட்டுக் கோஷ்டி. ரோடு மூடியதால் போக வழியில்லாத ரொட்டி வண்டிக்காரன் நாலு தட்டு ஏலக்காய்ப் பன்னை என் மேஜையில் இறக்கிவிட்டு, "நாளைக்குக் காஞ்சு போயிடும், சாப்பிடுங்க" என்கிறான். கிரேன்காரர்கள் ஒன்பது பேர், ரயில்வே அதிகாரி ஒருத்தர். கோப்பை தீர்ந்து, அதிகாரிக்கு என் முகச்சவர மக்கில் காபி கொடுத்தேன். நுரை நன்றாக இருக்கிறது என்றார். இன்றைக்கு நாலாவது நாள், இன்னும் வருகிறார்கள். காலில் வலி, காதில் இரைச்சல், காபித்தூள் மூன்று பொட்டலம் காலி. ஆகவே நீ வரமாட்டேன் என்று எழுதியதே பெரிய உபகாரம். அந்தச் சொல்லில் உறுதியாக இரு.

கடவுள் உனக்கு நல்ல முழங்காலையும், உன் வீட்டுக்காரருக்கு நல்ல புத்தியையும் தரட்டும்.

உன் அண்ணன்
தாவெத்தி

பி.கு.: மேலே ஒரு பொய் இருக்கு. பலகாரம் சுடப் பயந்து நான் பேப்பர்ல போடலை. எழுபத்தஞ்சுக்கு ‘வீட்டில் இருப்பேன்’னுதான் போட்டேன். அப்போ நீ ஆஸ்பத்திரியில இருந்தே, உனக்குத் தெரியாது. முப்பது கோப்பை கழுவி அடுக்கினேன். காபி ஊத்தினது நாலுலதான். அதுல ஒண்ணு என்னோடது. இப்போ கோப்பை பத்தலை. உன்னோடதை எடுத்துக்கிட்டு காட்டு வழியா வந்துடு, மரம் அறுக்கிற மில்லுகிட்ட இடது பக்கம் திரும்பு. வியாழக்கிழமை ரோட்டைத் திறந்துடுவோம்னு கிரேன்காரங்க சொல்றாங்க. ஒண்ணும் அவசரமில்லைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.