உச்சிநாடியாரும் கறுப்புப் போர்வையும்

உங்கள் பிள்ளை கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப் போகிறதா? புத்தகம் வாங்காதீர்கள். பயிற்சி வகுப்பில் சேர்க்காதீர்கள். பிள்ளையைப் படிக்கவும் விடாதீர்கள். தலையை மட்டும் நன்றாகக் கழுவித் துவட்டி, உச்சிநாடியாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மீதியை அவருடைய கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும்.

அப்படித்தான் ஊரே பேசியது. மணிக்கட்டில் நாடி பார்ப்பதெல்லாம் பழைய காலமாம். உச்சந்தலையில் ஒரு நாடி ஓடுகிறதாம். எந்தத் தேர்வு எழுத வேண்டும், எந்த மாதம் எழுத வேண்டும், எந்தக் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டும் என்பதையெல்லாம் அது துடித்துத் துடித்துச் சொல்லுமாம். அந்தத் துடிப்பு இந்த உலகத்தில் ஒரே ஒரு கட்டைவிரலுக்குத்தான் கேட்குமாம். விரலுக்கு எப்போது காது முளைத்தது என்று கேட்டுவிடாதீர்கள். சுவரில் மூளைப் படம் மாட்டியிருக்கிறார், வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறார், வாங்கும் பணத்துக்கு 'ஆய்வுக் கட்டணம்' என்று பெயர் வைத்திருக்கிறார். அப்புறம் என்ன சந்தேகம்?

நகல் எடுக்கும் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். மாடிப்படி முழுக்கப் பெற்றோர் கூட்டம். படிக்காதவர்கள் ஏமாறுகிறார்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் படிக்கட்டில் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும். மேல்படியில் ஒரு டாக்டர் தம்பதி. அதற்குக் கீழே ஒரு இன்ஜினீயர். நீதிமன்றத்தில் சாட்சிகளைக் கேள்வி கேட்டே வியர்க்க வைக்கும் வக்கீல், இங்கே ஒரு கேள்வியும் கேட்காமல் டோக்கனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு கணக்கு டீச்சர், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு.

இந்தக் கணக்கு டீச்சர்தான் நம் கதைக்கு வேண்டியவர். வகுப்பில் நிகழ்தகவு நடத்துவார். காசைச் சுண்டினால் தலை விழவும் பூ விழவும் சரிபாதி வாய்ப்பு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். மணி அடித்ததும் கரும்பலகையோடு சேர்த்துத் தன் மண்டையையும் துடைத்துவிட்டு வந்துவிடுவார் போலிருக்கிறது.

"அம்மா, வேண்டாம்மா. நான்தான் ஒரு திட்டம் போட்டு வெச்சிருக்கேனே" என்றாள் மகள். பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் இன்னும் பாப்பா.

"உன் தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு உன் திட்டத்துக்குத் தெரியுமா?"

"என் தலைக்குள்ள ஓடுறது எனக்குத் தெரியாதாம்மா?"

"படியில நின்னுக்கிட்டு எதிர்த்துப் பேசாதே. எல்லாரும் பாக்கறாங்க."

பாப்பாவின் திட்டம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. கல்லூரிகள் இரண்டு விதமான தேர்வுகளில் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்கின்றன. ஒன்றில் கேள்விகள் குறைவு, யோசிக்க நேரம் உண்டு. பிள்ளைகள் அதை நிதானத் தேர்வு என்பார்கள். மற்றொன்றில் கேள்விகள் கொட்டிக் கிடக்கும், வேகம் வேண்டும். அது வேகத் தேர்வு. இரண்டுக்கும் வீட்டிலேயே ஒவ்வொரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்ப்பது. எதில் மதிப்பெண் அதிகமோ அதைப் பிடித்துக்கொள்வது. பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒருமுறை எழுதுவது. குறைந்தால், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் இன்னொருமுறை எழுதுவது. அவ்வளவுதான். இதற்கு நாடியும் வேண்டாம், கட்டைவிரலும் வேண்டாம். அதனால்தான் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு சுலபமாக இருந்தால் ஊர் ஏன் பயப்படுகிறது?

காத்திருக்கும் அறையில் ஒரு அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். மகன் உள்ளே இருக்கிறானாம். வாயும் கையும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை.

"பொண்ணா? முகத்தைப் பாத்தாலே தெரியுது, நல்லாப் படிக்கிற புள்ள. ஏதாவது ஒரு பாடம் கஷ்டப்படுத்துமே?"

"அதை ஏன் கேக்கறீங்க! கெமிஸ்ட்ரி பரீட்சைன்னா வயித்து வலி வந்துரும்" என்றார் டீச்சர். கேட்க ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் சொல்லக் கசக்கும்? மகள் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்தது வரைக்கும் கொட்டித் தீர்த்தார். பின்னல் அம்மாள் உச்சுக் கொட்டினார். பிறகு, "இருங்க, என் பையன் முடிச்சிட்டானான்னு பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்து உள்ளே போனார்.

சற்று நேரத்தில் பாப்பாவின் முறை வந்தது. தலையிலிருந்து தரை வரை ஒரு தடித்த கறுப்புப் போர்வையை டீச்சர் கையாலேயே போடச் சொல்லி உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் உச்சிநாடியார் வந்தார். போர்வைக்கு மேலேயே உச்சியில் கட்டைவிரலை ஊன்றினார். கண்ணை மூடினார்.

"எலும்பு பேசுது. சின்ன வயசுல கையில ஒரு முறிவு. ரசாயனம்னா வயித்துல நெருப்பு. சரியா?"

டீச்சர் கண்ணில் பொலபொலவென்று நீர்.

"நாடி தூங்குது. இந்த வருஷம் எந்தப் பரீட்சையும் எழுதக் கூடாது. மாசாமாசம் வாங்க, எழுப்பிப் பாக்கலாம். மாதிரித் தேர்வைத் தொடவே கூடாது. மூளையில இருக்கற விடை எல்லாம் அதுலயே சிந்திப் போயிரும்."

அடேயப்பா! மூளை என்ன ஓட்டைக் குடமா? கேட்க வேண்டிய கணக்கு டீச்சர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் அப்பா இருந்தார். காப்பீட்டு முகவர். சமாதானமே உருவான மனிதர். அதாவது, மனைவிக்குப் பயந்தவர். டீச்சர் குளிக்கப் போன நேரம் பார்த்து மகள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இந்தத் தடவை எழுதுறதுக்குப் பதிவு ஞாயித்துக்கிழமையோட முடியுது. ஒப்புதல் எண் அம்மா ஃபோனுக்குத்தான் வரும். இதை விட்டா அப்புறம் எழுதுறது ஒரே ஒரு தடவைதான், அதுவும் விண்ணப்பம் போடுற நேரத்துல. அன்னைக்குக் காய்ச்சல் வந்தா என் கதை முடிஞ்சது."

"அம்மாவை எதிர்த்து நான் எப்படிம்மா..."

"அந்த ஆள் சொன்னது எல்லாம் அம்மா அந்தப் பின்னல் ஆன்ட்டிகிட்ட சொன்னதுப்பா. வரிசை மட்டும்தான் மாறிச்சு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ தன் தொழிலைப் பற்றிப் பேசுகிறார்கள்!

"அந்தம்மா எப்படிக் கேட்டாங்க?"

"'ஏதாவது ஒரு பாடம் கஷ்டப்படுத்துமே'ன்னு."

"அட! நானும் அப்படித்தானே கேப்பேன். 'குடும்பத்துல யாருக்காவது உடம்பு சரியில்லாம இருந்திருக்குமே'ன்னு. எல்லா வீட்டுலயும் ஒருத்தருக்கு இருக்கும். அப்புறம் அவங்களே கொட்டிருவாங்க." சக தொழிலாளியின் திறமையை அவர் ஒரு கணம் ரசித்தார். பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமைதானே மண்டபத்துல அந்த ஆளோட பெருவிழா? நான் என்ன பண்ணணும்னு சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. டீச்சர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்களையும் கையோடு கூட்டி வந்திருந்தார். நாம் விழுந்த பள்ளத்தை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் நமக்குத் தூக்கம் வராதே! வாசலருகில் அப்பா பின்னல் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மகளைப் பற்றித்தான். கேட்டு முடித்ததும் அந்த அம்மாள் மேடையின் பின்பக்கம் ஒரு நடை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

மேடையில் வெள்ளைக் கோட்டு முழங்கியது. "முகத்தைப் பாத்துச் சொன்னா அது ஊகம்! பேரைக் கேட்டுச் சொன்னா அது ஜோசியம்! நான் ரெண்டும் கேக்கறதில்ல. பெத்தவங்க கையாலதான் போர்வை போடணும். வேத்துக் கை பட்டா நாடி கலங்கிரும். என்கிட்ட நோயும் தோல்வியும் நெருங்காது. என் சொல் கேட்டு எழுதின பிள்ளைங்க நூத்துக்கு நூறு ஜெயிச்சிருக்காங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

முதல் டோக்கனைக் கூப்பிட்டதும், போர்வை போட மேடையோரத்து அறைக்குள் அப்பாவும் மகளும் போனார்கள். உள்ளேயிருந்து ஒரு கறுப்புப் போர்வை மெல்ல நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. உச்சிநாடியார் கட்டைவிரலை ஊன்றினார்.

"ஆஹா! இளம் மூளை. பதினாறு வயசு. மெழுகு மாதிரி இருக்கு" என்றார். "இது இடது கைக் குழந்தை. மூணு வயசுல ஊஞ்சல்ல இருந்து விழுந்திருக்கு. யாருக்கும் தெரியாமப் பாட்டு எழுதுது. ஆனா மனசு முழுக்கப் பாலம் கட்டணும்னு ஆசை. போன தடவை தூங்கின நாடி இன்னைக்கு லேசா முழிக்குது!"

முன் வரிசையில் டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். இடது கையா? ஊஞ்சலா?

"பாடு பொண்ணே, எழுந்து நின்னு உன் பாட்டுல ரெண்டு வரி பாடு!" என்று உற்சாகத்தில் உச்சிநாடியார் போர்வையைப் பிடித்து இழுத்தார்.

பளபளவென்று ஒரு வழுக்கை வெளியே வந்தது. அதற்குக் கீழே மீசை. அதற்கும் கீழே காப்பீட்டு முகவர்.

"பாட்டு வராதுங்க" என்றார் அப்பா பணிவாக. "பாலம் கட்ட எந்தக் காலேஜுக்கு அப்ளை பண்றது? வயசு அம்பது ஆகுது, சேத்துக்குவாங்களா?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அப்பா வாசல் பக்கம் கையை நீட்டினார். "ஊஞ்சல், பாட்டு, பாலம் எல்லாம் இப்போதான் அந்தம்மாகிட்ட நான் விட்ட கதை. ஒண்ணுகூட உண்மை இல்ல." பின்னல் அம்மாள் விசுக்கென்று எழுந்தார். நூல் நாற்காலிக் காலில் மாட்டியிருந்தது. அவர் வேகமாக நடக்க நடக்க, ஸ்வெட்டர் பிரிந்துகொண்டே பின்னால் வந்தது.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஆட்களைக் குறைவாக எடை போடாதீர்கள். உச்சிநாடியார் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சிரிக்கறீங்களா? தகப்பன் மண்டையில மகளோட நாடி ஓடுது! பரம்பரை! தகப்பன் உச்சியைத் தொட்டே மகளைப் படிச்சேன். இது வேற யாரால முடியும்?"

சிரிப்பு நின்றது. டாக்டர் தலையாட்டினார். "பரம்பரைன்னு ஒண்ணு இருக்குதானே" என்றார் இன்ஜினீயர். வக்கீல்கூட "அப்படியும் இருக்கலாம்" என்றார். ஐயோ, ஐயோ! பிடிபட்ட திருடனுக்கு ஜாமீன் கொடுக்க எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் பாருங்கள்!

பாப்பா மேடையோரத்தில் வந்து நின்றாள். அம்மாவைத்தான் பார்த்தாள். அவளைப் பெற்ற தாயைத் தவிர அந்த மண்டபத்தில் யார் சொன்னாலும் எடுபடாது. டீச்சரின் இரண்டு பக்கமும் அவர் கூட்டி வந்த பெற்றோர்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் மகளின் வருஷம் போகும்.

டீச்சர் எழுந்தார்.

"என் பொண்ணு வலது கைக்காரி. ஊஞ்சல்ல இருந்து அவ விழுந்ததே இல்ல. பாட்டும் எழுதமாட்டா, பாலமும் கட்டமாட்டா. இவர் படிச்சது என் மகளை இல்ல." தான் கூட்டி வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "எனக்குப் பயம்ங்க. ஒரே பொண்ணு. தப்பா ஒரு முடிவு எடுத்துட்டா என்ன பண்றதுன்னு பயம். அந்தப் பயத்தை யார் தலையிலயாவது கட்டிரலாம்னு இவர்கிட்ட வந்தேன். உங்களையும் இழுத்துட்டு வந்தேன். மன்னிச்சிருங்க."

உட்காரப் போனவர் நின்றார். இத்தனை நாள் தூங்கிய கணக்கு டீச்சர் அப்போதுதான் விழித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம். நூத்துக்கு நூறு ஜெயிச்சாங்கன்னாரே. இவர் யார் பிள்ளையைப் பரீட்சை எழுத வேண்டாம்னு சொன்னாரோ, அவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க."

ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. டாக்டர் தம்பதி ஆளுக்கொன்று தூக்கினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபம் முழுக்கக் கைகள்.

"நல்லாப் படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லு, சந்தேகமா இருந்தா எழுத வேண்டாம்னு சொல்லு. எழுதாதவன் எப்படித் தோப்பான்? இப்படி நடத்தினா நான்கூட நூத்துக்கு நூறு காட்டுவேன். இவர் ஜெயிக்கறதுக்காக நம்ம பிள்ளைங்களை வீட்டுல உக்கார வெச்சிருக்கோம்!"

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நாற்காலிகள் பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம்தான் கேட்டது. வக்கீலுக்கு ஒருவழியாகக் கேள்விகள் ஞாபகம் வந்து, மேடையை நோக்கி நடந்தார். உச்சிநாடியார் அந்தக் கறுப்புப் போர்வையையே தலையில் போட்டுக்கொண்டு பின்வாசலைத் தேடினார்.

மண்டபத்து வாசற்படியில் டீச்சர் ஃபோனைத் திறந்தார். அவசரத்தில் ஒப்புதல் எண்ணை இரண்டு முறை தப்பாகப் போட்டார். "உள்ளூர்த் தேர்வு மையத்துல இடம் இருக்கா பாரு பாப்பா" என்றார். இருந்தது. பதிவு முடிந்தது என்று வந்ததும் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி அந்த மாதிரித் தேர்வை எடு. நான் பக்கத்துல உக்காந்து நேரம் பாக்கறேன்" என்றார்.

அப்போது டாக்டரின் மனைவி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், நல்ல வேளை தப்பிச்சோம். இந்த ஆள் சரியில்லைன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. அது கிடக்கட்டும், வேற நல்லாப் பாக்கறவங்க யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன அம்மா! கட்டைவிரல் போனால் சுண்டுவிரல் வரும். கோட்டு போனால் வேறொரு வேஷம் வரும். அவர்கள் அத்தனை பேரும் உங்கள் தலையை நம்பித்தான் பிழைக்கிறார்கள். நீங்களும் அதை ஒருமுறை நம்பிப் பாருங்களேன்!