வெயிலுமுத்து சீட்டு இறக்கிய படலம்

வாழ்க வெயிலுமுத்து! தாராவித் தகரக் கூரைகளின் தனிப்பெருஞ் சிங்கம், செம்பூர்ப் பட்டறையின் இரும்புத் தூண், செருப்போடு அளந்தால் ஐந்தடியை ஏறத்தாழ எட்டிவிடும் அந்த நெடுந்தகை, தன் கல்யாணச் சைக்கிளோடு பொருத வெஞ்சமரைப் பாடப் புகுந்தோம். நாமகள் எம் நாவில் வந்து நிற்பாளாக. முடிந்தால் சிரிக்காமல் நிற்பாளாக.

மருமகனுக்குச் சின்ன வண்டி கொடுத்தால் திருநெல்வேலிச் சீமையே காறித் துப்பும் என்பது பூலோகம் என்னும் திருநாமமுடைய மாமனாரின் கொள்கை. ஆகவே ஆறடி உயர அவ்வள்ளல், தாதர் கடைவீதியிலேயே பெரிய வண்டியாய்ப் பார்த்து வாங்கி, சீட்டைத் தம் இடுப்புக்கு உயர்த்தி, சந்தனம் பூசி, மாலையிட்டுப் பந்தலில் நிறுத்திவிட்டார். அன்றுமுதல் நம் வீரன், ஒரு பெடலைப் பிடிக்கையில் மறு பெடலை இழந்து, இடமும் வலமுமாய்த் தேர்போல ஆடி, சயான் தாண்டுமுன்னே தொடையிடுக்குத் தோலுரிந்து, பட்டறையில் நின்றுகொண்டே சோறுண்ணும் பெருந்தவம் பூண்டான்.

"அப்பாட்ட சொல்லி சின்ன வண்டியா மாத்திருவமா?" என்றாள் மனைவி மாடத்தி.

"நான் குட்டைன்னு ஒங்கப்பாட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வருவியோ?" என்று முழங்கினான் மானமே உயிரான மாவீரன்.

ஒரு மழைக்காலம் பொறுத்தான். பிறகொரு ஞாயிறு, பம்பாய் மக்கள் பானா என்றழைக்கும் திருகாயுதம் ஏந்தி, துருக்கவசம் பூண்ட சீட்டுப் போல்ட்டின்மேல் பாய்ந்தான். பானா வழுக்கியது, முழங்கை கம்பியில் மோதியது, மண்ணெண்ணெய் ஆறாய்ப் பெருகியது, திருகியவன் திரும்பினானே அன்றிப் போல்ட்டு திரும்பவில்லை. இறுதியில் குலசாமியையும் போல்ட்டைச் செய்தவன் குலத்தையும் ஒரே மூச்சில் விளித்து அவன் பானாவில் தொங்க, கிரீச்சென்று அலறிப் பணிந்தது பகை. அடிவரை இறங்கியது சீட்டு. ஏறி அமர்ந்தான். இரு பெடலும் பாதத்துக்கு எட்டின. விக்ரோலி வரை நாடு பிடிக்கலாம் போலிருந்தது. உண்மையாகவே அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவ்வேளை, கறிக்குழம்புத் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார் பூலோகம்.

"என்ன மருமவனே, சீட்டு இப்படி அமுங்கிக் கெடக்கு? ஒங்க ஒசரத்துக்கு இது காணுமா? கொண்டாங்க அந்தப் பானாவ."

உண்மையை உரைத்தால் வலி தீரும், மானம் போகும். கணப்பொழுது இரண்டையும் சீர்தூக்கி, கோழையென்று எவரும் பழிக்கவொண்ணா அவ்வீரர்கோன், ஆயுதத்தை இரு கையாலும் பணிந்து நீட்டினான். மாமனாரின் யானைக்கரங்கள் சீட்டை ஒரே இழுப்பில் மேலேற்றி, ஊழிவரினும் அசையாவண்ணம் ஓர் இறுக்கு இறுக்கின.

திங்கட்கிழமை வெயிலுமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போனான்.