தபால் அக்காவுக்கு வழங்கப்பட்ட ஆசனம்

மனித முதுகெலும்புக்கு இதுவரை இழைக்கப்பட்ட அநீதிகள் அனைத்தையும் ஒரே சுற்றறிக்கையில் துடைத்தெறிந்த பெருமை, சான்றிதழ் வழங்கும் அந்த அலுவலகத்தின் இயக்குநரையே சேரும்.

இந்தப் புரட்சிக்கு அறியாமல் வித்திட்டவர் தபால் பிரிவு எழுத்தர். எல்லோருக்கும் 'தபால் அக்கா'. அவருடைய நாற்காலிக்கு மூன்று கால்கள். நான்காவதாகப் பழைய பதிவேடுகளை அடுக்கியிருந்தார்கள். ஏழு மாத இடுப்பு வலி. டாக்டர், "நாற்காலியை மாத்துங்க, இல்லேன்னா இடுப்பைத்தான் மாத்தணும்" என்று கைவிரித்துவிட்டார். ஆனால் 'நாற்காலி' போன்ற எளிய சொற்களைக் கண்டால் இயக்குநர் மனுவைத் திருப்பிவிடுவார். அவருக்குக் கம்பீரமான நடை வேண்டும். எனவே அக்கா, 'அடியேனுக்கு உகந்ததோர் ஆசனம் அருள்க' என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாளே ஆணை வந்தது: 'கோரிக்கை ஏற்கப்பட்டது. ஊழியர் அனைவருக்கும் தினசரி பன்னிரண்டு ஆசனங்கள் வழங்கப்படும்.'

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், நான் கேட்டது உக்கார்றதுக்கு."

"பத்மாசனத்துல உக்காரத்தானேம்மா செய்யறோம்?"

"நாலு கால் இருக்கற ஆசனம், சார்."

"கையையும் ஊனிக்குங்க, நாலு ஆச்சு!"

பிறகு யோகத்தின் தோற்றத்தை விளக்கினார். ஆதி மனிதன் தன் மேலதிகாரியைக் கண்டு முதன்முதலாகக் குனிந்த கணத்தில் பிறந்ததாம் அந்தக் கலை. தத்துவம்?

"யோகம்னா இணைப்பு. அதனால தபால் பிரிவையும் புகார் பிரிவையும் இணைச்சுட்டேன். இனி ரெண்டும் நீங்கதான்."

ஆசனம் வந்தபின் நாற்காலி எதற்கு? எல்லாம் கிடங்குக்குப் போயின. இயக்குநருடையது மட்டும் தங்கியது. யாராவது ஒருவர் அந்தத் தியாகத்தைச் செய்தாக வேண்டுமல்லவா? ஊழியர்கள் தரையில் அமர, கவுண்டருக்கு மேலே ஒரு தலையும் தெரியவில்லை. வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வழக்கம்போல் ஆளில்லை என்று திரும்பிப் போனார்கள்.

ஒருவர் மட்டும் திரும்பவில்லை. தையற்காரர். பதிவேட்டில் அவரை யாரோ 'காலமானார்' என்று எழுதிவிட்டார்கள். உயிருடன் இருப்பதாகச் சான்றிதழ் கேட்டு ஒன்பதாவது முறையாக வந்திருந்தார்.

"எப்பவோ கையெழுத்தாயிடுச்சு அண்ணே. சீல் மட்டும் சார் மேஜைல மாட்டிக்கிச்சு" என்று கவுண்டருக்கு அடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"உயிரோட இருக்கும்போதே கிடைச்சுடுமா, தங்கச்சி?"

அந்தக் கேள்வி அக்காவை என்னவோ செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். "வாங்க அண்ணே" என்று அவரையும் அழைத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கதவைத் திறந்தார்.

இயக்குநர் தரையில் மல்லாந்து, உச்ச நிலையான சவாசனத்தில் லயித்திருந்தார். லேசான குறட்டை. அக்கா இருமிப் பார்த்தார், அசைவில்லை. இயக்குநருடைய சுழல் நாற்காலியில் மெல்ல அமர்ந்தார். ஏழு மாதத்தில் முதன்முறையாக இடுப்பு வாயை மூடியது. இழுப்பறையில் இருந்த சீலை எடுத்துத் தேங்கிக் கிடந்த கோப்புகளில் ஒவ்வொன்றாகக் குத்தினார். மதியத்துக்குள் நூற்றுப் பதினேழு சான்றிதழ்கள் வெளியேறின. யோகாவின் பயன்களை மறுப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

தையற்காரர் தம் சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போகும்போது தரையில் கிடந்தவரைக் குனிந்து பார்த்தார்.

"இவரும் உயிரோடதான் இருக்காருன்னு ஒண்ணு குடுத்துடலாமே, தங்கச்சி?"

"அதுக்கு ஆதாரம் வேணுமே, அண்ணே" என்றார் அக்கா. "நானும் பதினோரு வருஷமா இங்க இருக்கேன், ஒண்ணும் கிடைக்கலை."