கற்பூரம் பட்ட கண்ணாடி

திருச்செங்கோடு,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் தீர்த்தகிரி அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் முருகானந்தம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அங்கே எல்லோரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

உங்கள் தங்கை நினைவாக ஆட்டையாம்பட்டியில் கட்டிய தண்ணீர்த் தொட்டியை ஞாயிற்றுக்கிழமை திறப்பதாகச் சொன்னேன் அல்லவா, அது தள்ளிப்போகிறது, தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள். காரணம் பெயர்ப்பலகை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குக் கனத்த தகடு அறுக்கிற நம் பட்டறை லேசர் மெஷின், ‘கண்ணாத்தாள்’ என்ற ஒரு பெயரை அறுக்க முடியாமல் திணறுகிறது. முதல் இரண்டு எழுத்து நறுக்கென்று வரும், அடுத்ததில் ஓரம் பிசிறும், ‘தாள்’ வரும்போது தகடு வெந்து வழியும். மெஷின் ஓட்டும் குமரனைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன், தகடு விற்றவரையும் விடவில்லை.

கடைசியில் மெஷின் கம்பெனியிலிருந்து வித்யா என்ற பெண் வந்து, லேசர் வெளியே வரும் வழியில் இருக்கும் சின்னக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, “இதுக்குக் கற்பூரம் காட்டுறீங்களா சார்?” என்று கேட்டார். “காட்டாம எப்படிங்க அம்மணி? தெனமும் மூடியத் தொறந்து அந்தக் கண்ணாடிக்கே நேரா காட்டிட்டுத்தானுங்க வேலையே ஆரம்பிக்கிறது” என்றேன். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “கரி படிஞ்ச கண்ணாடி சூட்டைக் குடிக்கும் சார். போகப் போக நடுவுல உப்பி, அதுவே ஒரு லென்ஸ் மாதிரி ஆயிடும். லேசர் குவியற இடம் நகர்ந்துடும். அதான் ஆரம்பம் நல்லா வந்து கடைசி கெட்டுப்போகுது. இனிமே காட்டாதீங்க” என்று புதுக் கண்ணாடி போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் புதுக் கண்ணாடிக்கும் காட்டிவிட்டேன். “ஏனுங்க, வாசல் கேட்டுக்கிட்ட காட்டிக்கலாமுங்களே” என்றான் குமரன். “வாசல் கேட்டா நமக்குச் சோறு போடுது?” என்று அவன் மேல் பாய்ந்தேன். மச்சான், பட்டறை தொடங்கிய நாளிலிருந்து கற்பூரம் காட்டியது அவள். அவள் போன பிறகு நான் காட்டுகிறேன். அந்த நேரத்தில் மட்டும் அவள் பக்கத்தில் நிற்கிறாள். நிறுத்தினால் பெயர் வரும், என்னால் நிறுத்த முடியவில்லை, அழுகையாக வருகிறது.

ஆகவே பலகை தயாரானதும் தேதி சொல்கிறேன், அதுவரை அலைய வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரட்டும்.

இப்படிக்கு,
முருகானந்தம்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள். பலகை இல்லாமலே திறப்போம். நான் அவளை ‘ஏம்புள்ள’ என்றுதான் கூப்பிட்டேன், பட்டறையில் எல்லோருக்கும் அவள் அம்மா. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட நீங்கள் ஒருவர்தான் மிச்சம். தொட்டி முன்னால் நின்று ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிடுங்கள், எனக்குக் கேட்க வேண்டும்.