இருபத்துமூன்று காலி நாற்காலிகள்

எதிர்க்கட்சித் தலைவர் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் முதுகைத்தான், ஏனென்றால் அவர் எப்போதும் சபையை விட்டு வெளியே போய்க்கொண்டிருப்பார். கேள்வி கேட்பது, தவறைத் திருத்துவது, நல்லதென்றால் கை தூக்குவது, நாளைக்கே ஆளச் சொன்னாலும் ஆயத்தமாக இருப்பது எல்லாம் அவர் வேலைதான். எழுந்து போவது இவை எல்லாவற்றையும்விடச் சுலபம்.

நம் தலைவர் அதில் கைதேர்ந்தவர். மேஜையில் மூன்று தட்டு தட்டுவார், கையிலிருக்கும் காகிதத்தைக் கிழிப்பார், "ஜனநாயகப் படுகொலை!" என்பார், கிளம்பிவிடுவார். பின்னாலேயே இருபத்திரண்டு பேர். முதல் தட்டிலேயே கேன்டீன்காரர் அடுப்பில் பாலை ஏற்றிவிடுவார். சபையை ஒத்திவைத்த பிறகும் ஒருமுறை வெளிநடப்புச் செய்தவர் அவர்.

அன்றைக்கு மட்டும் நாற்காலியை விட்டு அசைவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். அவர் ஊர் ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் கட்டும் தீர்மானம் அன்று ஓட்டெடுப்புக்கு வருகிறது. பதினோரு வருஷமாக அவர் கேட்டுவந்த பாலம். அந்த முதல் வருஷம்தான், மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம், ஆம்புலன்ஸில், அவருடைய அக்கா கிடந்தாள். சரக்கு ரயில் கடந்து முடிவதற்குள் போய்விட்டாள்.

"ஆளுங்கட்சியிலயே பல பேர் முறுக்கிக்கிட்டு நிக்கிறாங்கண்ணே," என்றார் கட்சிக் கொறடா. "நம்ம ஓட்டு விழுந்தாத்தான் பாலம்."

"போடுவோம்யா. எங்க அக்கா பாலம் அது."

அமைச்சர் பேசினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கடைசியில் மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? "இந்தப் பாலத்தை நம்ம எதிர்க்கட்சித் தலைவரால்கூட எதிர்க்க முடியாது!" என்றார். ஆளுங்கட்சி வரிசை முழுக்கச் சிரிப்பு.

முடியாதா? யாரால்? மேஜையில் மூன்று தட்டு விழுந்தது.

கொறடா சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, அக்கா..."

"அவன் என்ன சொன்னான்னு கேட்டியா, இல்லையா?"

கேன்டீனில் முதல் வாய் தேநீர் உள்ளே இறங்கியபோதுதான் அவருக்குச் சுரீரென்றது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். சபைக் கதவு சாத்தியிருந்தது.

"ஓட்டெடுப்பு நடக்குதுங்கய்யா," என்றார் காவலர். "முடியறவரைக்கும் யாருக்கும் தொறக்கக் கூடாது."

"அவசரம்யா!"

"எல்லாருக்கும் அவசரந்தாங்கய்யா."

கதவு திறந்தபோது தீர்மானம் ஒன்பது ஓட்டில் தோற்றிருந்தது. செல்போன் அடித்தது. அக்கா வீட்டுக்காரர்.

"டிவியில பார்த்தேன் மாப்ள. பாலம் என்னாச்சு?"

"கவுத்துட்டாங்க மாமா."

"யாரு?"

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அரசாங்கந்தான். விடமாட்டேன் மாமா. நாளைக்கே கேட்டு முன்னாடி கண்டன ஆர்ப்பாட்டம்."

அந்தப் பக்கம் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டு சாத்தற நேரமாப் பார்த்து வை மாப்ள. கூட்டம் தானா நிக்கும்."

சிரிக்கிறீர்கள். சரி. வீட்டில் மனைவியோ தம்பியோ ஒரு யோசனையைச் சொல்லத் தொடங்கியதும், அவர்கள் முடிப்பதற்குள் உங்கள் வாயில் வரும் முதல் வார்த்தை என்ன? நேற்று எந்த அறையிலிருந்து எழுந்து போனீர்கள்? "சேச்சே, நான் அந்த ரகமே இல்லை" என்கிறீர்களா?

பாருங்கள், நான் சொல்லி முடிக்கவே இல்லை.