பாய் கடைக்கு வாய்த்த நாக்கு

மாலை ஆறே முக்கால் மணி. மாஹிம் கடைத்தெருவில் மழைக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் கீழே ஜிலேபி, மால்புவா, பேரீச்சம்பழத் தட்டுகளுக்கு முன்னால் பெருங்கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு, பாங்கு எப்போது ஒலிக்கும் என்று நின்றது. அத்தனை பேரில் ஒரே ஒருவர் மட்டும் தின்றுகொண்டிருந்தார். குடுமி, நெற்றியில் விபூதி, கக்கத்தில் குடை. தின்றவர் முகத்தைச் சுளித்தார்.

சுளிப்பைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. குத்தம் ஐயர். அன்றைய பம்பாயில் எதையும், யாரையும், ஒரு தடவைகூட நன்றாயிருக்கிறது என்று சொல்லாத ஒரே மனிதர். ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. மாட்டுங்காவில் நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸில் எனக்கு எதிர் இலை. ரசம் கொதித்துவிட்டது என்பார். மறுநாள் கொதிக்கவில்லை என்பார். கிங்ஸ் சர்க்கிளில் கச்சேரிக்குப் போனால், மேடை ஜமக்காளம் கோணல் என்று எழுந்து வந்துவிடுவார். மெஸ்ஸில் ஒருவருக்குப் பிள்ளை பிறந்ததாகத் தந்தி வந்தது. எல்லோரும் கை குலுக்கினோம். ஐயர் தந்தியை வாங்கிப் பார்த்து, "சித்திரையிலயா?" என்று மட்டும் கேட்டார். அப்பாவுக்கு ஆகாத மாதம். தகப்பனார் அன்று சாப்பிடவில்லை.

ரம்ஜான் கடைத்தெருவைப் பற்றி எழுதிவரப் பத்திரிகையில் என்னை அனுப்பியிருந்தார்கள். ஐயர் அங்கே என்ன செய்கிறார் என்பதை விசாரித்தேன்.

கடைக்காரர் பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வருஷம் முழுக்கத் தாராவித் தோல் கிடங்கில் வேலை; ரம்ஜானில் மட்டும் கடை. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறையவைத்த கடல்பாசி, அல்வா, வட்டலப்பம், நோன்புக் கஞ்சி. அவருக்கு இருந்த கஷ்டம் ஒன்றுதான். நோன்பு வைத்திருப்பவர் தான் சமைத்ததை நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார். கடையில் எல்லோருமே நோன்பு. பாங்கு சொன்ன பிறகு ருசித்து, இனிப்பு போதாது என்று தெரிந்துகொண்டால் அதற்குள் பாதி விற்றிருக்கும். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூசாமல் குற்றம் சொல்லும் ஒரு நாக்கு அவருக்குத் தேவைப்பட்டது. அது மாட்டுங்காவிலிருந்து நடந்தே வந்தது.

"பாய், கடல்பாசியில ஏலக்காய் தூக்கல். சர்க்கரை போறலை."

"ரேஷன் சர்க்கரை சாமி. நேத்துப் போட்ட அளவுதான்."

"நேத்தும் போறலைன்னுதானே சொன்னேன்."

"சொன்னிய, சொன்னிய" என்று பாய் பாகு காய்ச்சப் போனார்.

முதல் வருஷம் ஐயரின் ஸ்பூன் வட்டலப்பத்தின் பக்கம் போனபோது பாய் கையைப் பிடித்து நிறுத்தி, அதில் முட்டை சேர்ந்திருக்கிறது, சாமி தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். ஐயர் குனிந்து மோந்து பார்த்தார். கருப்பட்டி அடிப்பிடித்திருக்கிறது என்றார். அடிப்பிடித்துத்தான் இருந்தது. கஞ்சியில் இறைச்சி, அதற்கும் ஆவி போதும், இஞ்சி குறைவு என்பார்.

மற்ற இடங்களில் அவரைக் கண்டால் தட்டை மறைத்தார்கள். வாயைத் திறக்கமாட்டாரா என்று அவரை எதிர்பார்த்து நின்ற இடம் இந்த நகரத்தில் அது ஒன்றுதான்.

அந்த வருஷம் ஆவணி அவிட்டம் ரம்ஜானுக்குள் வந்தது. புதுப் பூணூலோடு பந்தியில் உட்கார்ந்தோம். பாயசம் வந்தது. ஐயர் ஒரு வாய் குடித்துவிட்டு, "மாஹிம்ல பாய் பண்ற கடல்பாசி இதைவிடத் தேவலை" என்றார்.

அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் பாராட்டு அது. அதுவே வினையாயிற்று.

அன்று சாயங்காலமே கூட்டம் போட்டார்கள். மெஸ் செக்ரட்டரி ரயில்வே ஆபீஸ்காரர்; அவர் தேர்ந்தெடுத்த கத்தரிக்காயை ஐயர் பல மாதமாகச் சொத்தை என்று சொல்லிவந்தார். இரானி ஹோட்டலில் தினமும் ஆம்லெட் தின்பவர்கள் ஆசாரத்தைப் பற்றி முதலில் பேசினார்கள். செக்ரட்டரி பெருந்தன்மையாக வழி சொன்னார்.

"அங்கே இனிமே போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லும். பஞ்சகவ்யம் சாப்பிடும். முடிஞ்சு போச்சு."

"அங்கே நான் சொன்னா இன்னும் ஒரு கை சர்க்கரை போடறார்" என்றார் ஐயர். "இங்கே நான் சொன்னா யார் கேக்கறா?"

செக்ரட்டரி விலக்கத் தீர்மானம் எழுதி வாசித்தார். கைகள் உயர்ந்தன. உயராத கை என்னுடையது மட்டும். சமையல்காரர் ஓட்டு இல்லாமலே இரண்டு கையையும் தூக்கினார். ஐயர் தீர்மானத்தை வாங்கிப் படித்தார். "பந்தியிலேர்ந்து விலக்கறதா, மெஸ்ஸிலேர்ந்தேயா? தெளிவா எழுதத் தெரியாதா ஓய்?" செக்ரட்டரி அந்த வரியை அடித்துவிட்டு, மெஸ்ஸிலிருந்தே என்று எழுதினார். ஐயர் இப்போது சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

அறையில் ஸ்டவ் வைத்துத் தானே பொங்கித் தின்றார். தான் வடித்த சாதத்தையும் திட்டினார். மாஹிம் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

பண்டிகை முடிந்தது. நகரத்தில் இந்து-முஸ்லிம் கலவரம் மூண்டு கத்திக்குத்துகள் தொடங்கின. இந்தத் தெருவில் இவ்வளவு பேர், அந்தத் தெருவில் அவ்வளவு பேர் என்று நாங்கள் தினமும் ஒரு பத்தி போட்டோம். மெஸ்ஸில் அதைப் படித்துவிட்டு, ஐயரை விலக்கியது எவ்வளவு தீர்க்கதரிசனம் என்று பேசிக்கொண்டார்கள்.

மறு வருஷ ரம்ஜான் மாதம், கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் ஐயரைப் பார்த்தேன். வேளை சாயங்காலம். மாஹிம் போகவேண்டியவர் சும்மா நின்றார். கேட்டதற்கு, பாய் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றார். பாய் சொன்னதைப் பாயின் குரலிலேயே சொல்லிக்காட்டினார்: "சாமி, இனிமே வராதீய. ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?"

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

"கடல்பாசி தண்ணியா இருக்குன்னேன்."

அந்த மாதக் கடைசியில் பத்திரிகை என்னை மறுபடி மாஹிமுக்கு அனுப்பியது. பாதிக் கடைகள் இல்லை. கூட்டம் நிற்காமல் வாங்கிக்கொண்டு நடந்தது. பாய் என்னை அடையாளம் கண்டு, சாமி சுகமா என்று கேட்டார். பெரிய கஞ்சிச் சட்டிக்குப் பின்னால் சின்னச் சட்டி ஒன்று மூடியிருந்தது. அது என்ன என்றேன்.

"இறைச்சி போடாத கஞ்சி. தெனமும் வைக்கேன். நெலம சரியாச்சுன்னா சாமி வருவாவல்லா? ஆவிய மோந்து பாத்துட்டுப் போவப்படாது."

குத்தம் ஐயர் அதற்கு முந்தின வாரமே நாகபுரிக் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.