ஆஸ்பத்திரி வேலியில் தொங்கிய பூட்டு

“நீ பொறக்கையில யாருடி பூட்டைத் தொறந்தது?” என்று பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா பெரியம்மா ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் அப்போது வேறு வேலையாக இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

அந்த நாட்களில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயவீடுகள் முழுக்கப் பூட்டுப் பேச்சுத்தான். டவுன் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வெளியே பூட்டுச்சாமி என்பவர் குடை விரித்து உட்கார்ந்திருந்தார். வயிற்றில் பிள்ளை தங்கியதும் மந்திரம் சொல்லி வேலிக்கம்பியில் ஒரு பூட்டு மாட்டுவார், கரு கலையாதாம். வலி வந்ததும் அவரே திறப்பார், பிள்ளை வருமாம். பூட்டக் காணிக்கை, திறக்க அதைவிடப் பெரிய காணிக்கை. ராகலையிலிருந்துகூட பஸ் பிடித்து வந்தார்கள். டாக்டரைப் பார்க்க நின்ற வரிசையைவிடச் சாமியின் வரிசை நீளம்.

துரைமார் காலத்து ஆஸ்பத்திரி அது. கொழுந்து லொறியில் ஏறிவந்து எத்தனையோ பேர் அங்கே பெற்றிருக்கிறார்கள். அப்போது பூட்டு இல்லையே என்று யாரோ கேட்டார்கள்.

“இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியல,” என்றார் சாமி. கூட்டம் கும்பிட்டது.

பேச்சியம்மாவின் மருமகள் சுதர்ஷினிக்கு வலி எடுத்தது. ஆட்டோவில் நானும் போனேன், பை தூக்க. ஆஸ்பத்திரி கேட்டில் பேச்சியம்மா குறுக்கே நின்றுகொண்டார். மருமகளுக்காக மாட்டிய பூட்டைத் திறக்காமல் உள்ளே விடமாட்டாராம்.

சாமி சாவியைத் திருகினார். மாதக்கணக்காக மழையும் பனியும் குடித்துத் துருவேறிய பூட்டு. சாவி உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது.

“புள்ள அடம்புடிக்குது தாயி. இன்னொரு பூசை போடணும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லு.”

“யாரைப் பொறுக்கச் சொல்றீங்க?” சுதர்ஷினி கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “அத்தை, நம்ம கோழி பூட்டுன கூட்டுக்குள்ளதானே முட்டை போடுது? அதுக்கு எந்தச் சாமி வந்து தொறக்குறாரு?”

“கோழி வேற, நீ வேறடி!”

“பூட்டுன வயித்தோட போனா ரெண்டு உசுருக்கும் ஆபத்து,” என்றார் சாமி.

“பாத்துருவோம். பூட்டு அப்படியே தொங்கட்டும். புள்ள பொறந்துட்டா பூட்டு பொய்யி!”

மாமியாரின் கைக்கு அடியில் குனிந்து அவள் உள்ளே போய்விட்டாள்.

பேச்சியம்மா அழுதுகொண்டே பூட்டைப் பார்த்து நின்றார். சாமி எண்ணெய் விட்டார், ஊதினார், கல்லால் தட்டினார். மந்திரத்துக்குக் கல் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பூட்டு அசையவில்லை.

பிரசவ வார்டு நர்ஸ் ஷிராணி மிஸ் வாசலுக்கு வந்தார். “பேச்சியம்மா யாரு? பேத்தி பொறந்திருக்கா! தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க.”

பேச்சியம்மா பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டியேதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப எம் பேத்தி எந்த வழியா வந்தா சாமி?”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. மூன்று மாதக் கர்ப்பிணி ஒருத்தி முன்னால் வந்தாள். “என் பூட்டைக் கழட்டிக் குடுங்க. கோழிக்கூட்டுக்காவது ஆகும்.”

கோழிக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொள்ள நமக்கு இவ்வளவு காணிக்கை தேவைப்பட்டிருக்கிறது. இனியாவது கொஞ்சம் யோசிப்போம்; அதற்குக் காணிக்கை கிடையாது.

சாமி குடையை மடக்கினார். சாவிக்கொத்தை மடியில் செருகினார். ஹட்டன் பஸ்ஸில் ஏறிப் போனார்.